ஓரணாச் சிற்றுண்டி

பரீட்சை நெருங்கினால் தாம்பரம் சந்தையில் வல்லாரைக் கீரைக்குத் தனி மதிப்பு. பிள்ளைக்கு ஞாபக சக்தி வேண்டுமே! ஆனால் காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குக் கீரை என்ன செய்யும்? இரும்புச் சத்துக் குறைந்தாலே கவனம் சிதறும், படித்தது தங்காது.

1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. 1922–23-ல் 811 பிள்ளைகள், 1924–25-ல் 1,671!

தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்றது வெள்ளையர் அரசாங்கம். கல்வி வேறு, வயிறு வேறு என்ற அந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் படித்தார்களோ! 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. காமராசரின் மதிய உணவு 1956-ல் வந்தது. அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்க 2022 ஆயிற்று.