தேய்ந்த ஷாக்கைத் தேடியவர்கள்

பணிமனையில் இருந்த 31 ஆண்டுகளில் எத்தனை ஷாக் அப்சார்பர்களைக் கண்டம் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வைஸில் பிடித்து தண்டை இழுத்துப் பார்ப்போம். எதிர்ப்பில்லாமல் கையோடு வந்துவிட்டால் அதன் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். எண்ணெய் கசிந்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே வால்வு போயிருக்கும். ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம்.

போன வருடம் மிச்சிகனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர். அவர் ஷெட்டில் பழைய டிராக் ரேஸ் கார் ஒன்று நின்றது. முன் ஷாக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இழுத்தேன், கெஞ்சாமலே வந்தது. "இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "இப்போது அமுக்கிப் பாருங்கள்" என்றார். இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் அமுக்க வேண்டியிருந்தது. அது தேய்ந்த ஷாக் இல்லை. அப்படியே இருக்க வேண்டும் என்று செய்து விற்றது!

அவருக்கு ஒரு சிக்கல். திருகி மாற்றிக்கொள்ளும் புது ஷாக் வாங்க வேண்டும், ஆனால் நல்லதாக ஒரு ஜோடிக்குத்தான் கையில் பணம். முன்னுக்கா, பின்னுக்கா? எனக்கு பதில் தெரியவில்லை. 31 வருட அனுபவத்துக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. அன்றிலிருந்து இதன் கதையைத் தேடிப் படித்தேன்.

டிராக் ரேஸ் என்பது கால் மைல், அதாவது 1,320 அடி நேர் ரோட்டில் நின்ற இடத்திலிருந்து இரண்டு கார்கள் பாய்வது. வளைவு, பிரேக் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. 1951-ல் வாலி பார்க்ஸ் இதற்கென்று தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார். 1955-ல் கான்சாஸ் மாநிலம் கிரேட் பெண்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது.

கிளம்பும்போது கார் மூக்கைத் தூக்கும், முன்பாரம் பின்னுக்குப் போகும். 1,500 கிலோ கார், பார மையம் தரையிலிருந்து அரை மீட்டர், சக்கரங்களுக்கு இடையே 2.75 மீட்டர், வேக வளர்ச்சி புவியீர்ப்புக்குச் சமம் என்று வையுங்கள். சுமார் 270 கிலோ பின் சக்கரத்தில் போய் உட்காரும். பின் டயர் வழுக்காமல் பிடிக்க இந்தப் பாரம்தான் வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்துப் பையன்கள் முன்பக்கத்துக்குத் தேய்ந்த ஷாக்குகளைத் தேடித் தேடிப் போட்டார்கள். நாங்கள் எறிந்ததை அவர்கள் பொறுக்கியிருப்பார்கள்!

கிரைஸ்லர் கம்பெனியின் இளம் இன்ஜினியர்கள் சிலர் சேர்ந்து ராம்சார்ஜர்ஸ் என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 1949 மாடல் பிளிமத் காரை ஒட்டகம் மாதிரி உயர்த்தி, 1959 தேசியப் போட்டிக்குக் கொண்டு வந்தார்கள். பார மையம் உயர்ந்தால் பின்னுக்குப் போகும் பாரமும் கூடும். மேலே சொன்ன கணக்குதான். 1965-ல் கிரைஸ்லரே பின் அச்சை 15 அங்குலமும் முன் அச்சை 10 அங்குலமும் முன்னால் தள்ளிச் சில கார்களைக் கட்டியது. பார்க்க விகாரமாக இருக்கும். சங்கம் அவற்றைத் தன் ஃபேக்டரி வகுப்பில் சேர்க்க மறுத்துவிட்டது.

உடம்பை இப்படி வெட்ட முடியாதவர்களுக்குக் கிடைத்ததுதான் நான் இழுத்துப் பார்த்த 90/10 ஷாக். மொத்த எதிர்ப்பில் 90 பங்கு அமுங்கும்போது, 10 பங்குதான் நீளும்போது. மூக்கு சட்டென்று எழும், கியர் மாற்றும் நொடியில் பொத்தென்று விழாது. சாதாரண ரோட்டில் இதைப் போட்டு ஓட்டினால் வண்டி ஆட்டம் போடும். என்னைக் கேட்டால் அந்த வண்டிக்குத் தகுதிச் சான்றே தர மாட்டேன்.

இதன் குறை, குணம் ஒன்றே ஒன்றுதான். காலையில் குளிர்ந்த தரை, மதியம் வெயிலில் வழுக்கும் தரை, புது டயர், கூடின குதிரைத் திறன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். இன்ஜின் பலம் கூடக் கூட முன் சக்கரம் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. கூட்டம் கைதட்டும், கடிகாரம் கைதட்டாது. மேலே தூக்குவதில் செலவான பலம் முன்னே போக உதவவில்லையே.

மாற்றியமைக்கும் ஷாக் புதுசு இல்லை. 1928 மாடலாக வந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் கை போன்ற ஷாக்கிலேயே எண்ணெய் போகும் வழியைக் கூட்டிக் குறைக்க ஊசி வால்வு இருந்தது. 1857-ல் ஹாலந்தில் குதிரைச் சேணம் செய்ய ஆரம்பித்த கோனி நிறுவனம் பிற்பாடு ஷாக் செய்தது. அதன் பழைய வகையைக் கழற்றி, முழுக்க அமுக்கித் திருகினால் நீளும் எதிர்ப்பு மாறும். ஆனால் பந்தயத்துக்கு நடுவில் கழற்றிக்கொண்டா இருப்பது?

1970-ல் புரோ ஸ்டாக் என்ற பிரிவு வந்தது. பொமோனாவில் முதல் பந்தயத்தை ஜெயித்தவர் பில் ஜென்கின்ஸ். பட்டப்பெயர் கிரம்பி, நம் பாஷையில் சிடுமூஞ்சி. 1974-ல் அவர் ஷெவர்லே வேகா காருக்குக் குழாய்ச் சட்டமும் முன்னால் ஸ்ட்ரட்டும் வைத்துக் கட்டினார். பிறகு வந்தவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. வண்டியிலிருந்து கழற்றாமலே வெளியில் குமிழைத் திருகும் ஷாக்குகளும் பரவின. ஒரு குமிழ் உள்ளது விலை குறைவு. இரண்டு குமிழ் உள்ளதில் நீளுவதையும் அமுங்குவதையும் தனித்தனியே மாற்றலாம்.

எனக்குப் புரிய நாளானது பின்பக்கம்தான். பின் அச்சைப் பிடித்திருக்கும் கம்பிகள் கிளம்பும்போது உடம்பை மேலே தள்ளி டயரைத் தரையில் அழுத்தும். பின் ஷாக் சுலபமாக நீண்டால் அந்த அடி ஒரேயடியாக விழும். நீளம் தீர்ந்ததும் அழுத்தம் விட்டுப்போய் டயர் துள்ளி வழுக்கும். ரொம்ப இறுக்கினால், பலம் குறைந்த வண்டிக்கு டயர் கடிக்கவே கடிக்காது. முன் ஷாக் பாரத்தை அனுப்பி வைக்கிறது. அது வந்து சேரும் வேகத்தை டயர் தாங்கும்படி பார்ப்பது பின் ஷாக்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். கார் மூக்கைத் தூக்குகிறதா? "நன்றாகவே தூக்குகிறது." எந்த இடத்தில் வழுக்குகிறது? "முதலில் கடிக்கிறது, ஒரு கார் நீளம் போனதும் விட்டுவிடுகிறது." அப்படியானால் பணத்தைப் பின்னால் போடுங்கள், இரண்டு குமிழ் உள்ளதாக வாங்குங்கள் என்றேன். முன்னால், நின்ற நிலையில் ஷாக்குக்கு நீள இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று அளக்கச் சொன்னேன். அது சீக்கிரம் தீர்ந்தால் முன் சக்கரம் வெடுக்கென்று உடம்போடு எழும், எந்தக் குமிழும் அதைச் சரிசெய்யாது. ஒரு தடவைக்கு ஒரு குமிழை மட்டும் திருகுங்கள், சீட்டில் முதல் 60 அடி நேரத்தை மட்டும் பாருங்கள் என்றும் சொன்னேன். கடைசி இரண்டும் அவருக்கு முன்பே தெரிந்ததுதான், மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் பின் ஜோடி வந்துவிட்டது. அவரும் நானும் சேர்ந்துதான் மாட்டினோம். முன்னால் பழைய 90/10 ஷாக்கே இருக்கிறது. அவரிடம் உபரியாக இருந்த ஒன்றை எனக்கு நினைவாகக் கொடுத்தார். துணிக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். மகள் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்ன இரும்பு?" என்று எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.