பாரிசவாத நோயும் உடற்பயிற்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றிலே, ஒருமுறை கண்டறியப்பட்ட உண்மைகள் மறக்கப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் மீண்டும் கண்டறியப்பட்ட சந்தர்ப்பங்கள் பலவுள. பாரிசவாதத்தினின்று மீள்வதில் உடற்பயிற்சி பெற்ற இடம் அவற்றுள் ஒன்றாகும். செயலிழந்த கையையும் காலையும் உழைக்கச் செய்தல் வேண்டுமா, அன்றி ஓய்விலே விடுதல் வேண்டுமா என்ற வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஒன்றற்கொன்று முரணான விடைகள் கூறப்பட்டன. எழுந்து நடந்தோர் எத்தனை பேர், படுக்கையோடு ஒடுங்கியோர் எத்தனை பேர் என்பதை அவ்விடைகளே பெரிதும் தீர்மானித்தன.

பழைய கிரேக்க மருத்துவர் கடுமையான பாரிசவாதத்தை மாற்றவியலாத நோயென்றே கொண்டனர். மூளையினுள் ஏற்படும் குருதிப்பெருக்கு இந்நோய்க்குக் காரணமாகலாம் என்பதை, இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து 1658ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டியவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் யாக்கோப் வெப்பர் ஆவார். குருதிக்குழாய் அடைபடுதலும் காரணமாதல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தெளிவாயிற்று. ஆயினும் காரணம் தெரிந்தமையால் சிகிச்சை பிறந்துவிடவில்லை. ஓய்வே காயங்களை ஆற்றும் பெருமருந்து என்னும் கொள்கை அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. இக்கொள்கையை விளக்கி ஆங்கில அறுவை மருத்துவர் யோன் ஹில்ற்றன் 1863இல் வெளியிட்ட விரிவுரைகள் நீண்டகாலம் போற்றப்பட்டன. வளர்ந்தோரின் மூளையிலே நரம்புப் பாதைகள் மாறாதவை என்ற கருத்தும் இதனோடு சேர்ந்துகொண்டது. நோயாளி வாரக்கணக்கிற் கிடத்தப்பட்டார், மூட்டுக்கள் இறுகின, தசைகள் மெலிந்தன. கிடந்தமையால் விளைந்த கேடுகளும் நோயின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டன.

இந்நிலைக்கு மாறான முயற்சியொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே சுவிற்சர்லாந்தின் ஹைடன் நகரிலே தோன்றியது. முண்ணாணைத் தாக்கும் ஒருவகை நோயினால் நடை தள்ளாடியவர்களுக்கு ஹைன்றிச் பிரெங்கெல் என்ற மருத்துவர் படிமுறையான பயிற்சிகளை வகுத்தார். சிறிய அசைவுகளைக் கண்ணாற் பார்த்துப் பலமுறை செய்வித்தல் அவரது முறை. அந்நோய் பாரிசவாதமன்று. எனினும், சிதைந்த நரம்பைச் சீராக்க முடியாதவிடத்தும் இழந்த செயலைப் பயிற்சியாற் பெறலாம் என்னும் எண்ணத்திற்கு அவர் வழிவகுத்தார்.

பாரிசவாதத்தைப் பொறுத்தவரையில் தெளிவான சான்றை அளித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஷெப்பேட் ஐவரி பிரான்ஸ். நெடுங்காலம் செயலிழந்திருந்த நோயாளரின் உறுப்புக்களுக்குப் பயிற்சியளித்துப் பெற்ற முன்னேற்றத்தை அவரும் துணைவரும் 1915இல் வெளியிட்டனர். நிரந்தரமெனக் கருதப்பட்ட செயலிழப்பிற் பெரும்பகுதி உண்மையிலே கவனிப்பாரற்று விடப்பட்டதன் விளைவே என்பது அவர்தம் துணிபு. 1917இல் அவரும் றொபேட் ஒக்டனும் குரங்குகளிலே செய்த ஆய்வு இதனை மேலும் உறுதிசெய்தது. மூளையின் இயக்கப் பகுதி சிதைக்கப்பட்ட குரங்குகளுள், கவனியாது விடப்பட்டவற்றின் கை பயனற்றே கிடந்தது. நல்ல கையைக் கட்டிவைத்து நலிந்த கையை உழைக்கச் செய்தபோது, சில வாரங்களுள் அக்கை பெரிதும் மீண்டது.

இத்துணைத் தெளிவான முடிவு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவமனைகளை எட்டவில்லை. பிரான்ஸ் ஓர் உளவியலாளர், அவர்தம் முடிவை நரம்பு மருத்துவர் பெரிதும் பொருட்படுத்தியிலர். உலகப்போரில் அங்கவீனமுற்ற இளைஞரைத் தொழிலுக்கு மீட்பதே அரசுகளின் முதற் கவலையாயிற்று. பாரிசவாத நோயாளரோ பெரும்பாலும் முதியோர். அவர்தம் உழைப்பை நாடி நின்றோர் எவருமிலர்.

இரண்டாம் உலகப்போரின் பின் நிலைமை மாறத் தொடங்கியது. படுக்கையின் தீங்குகளை எடுத்துரைத்து 1947இல் றிச்சட் ஆஷர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையினரின் புனர்வாழ்வுப் பணியை நடத்திய ஹொவாட் றஸ்க், அம்முறையை நியூயோர்க்கிலே குடிமக்களுக்கும் விரித்தார். விபத்தொன்றினால் இடுப்பின்கீழ்ச் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அவரிடம் பயின்று திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே புனர்வாழ்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். அக்கல்லூரியின் புனர்வாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது.

எனினும் உழைப்பைப் பற்றிய அச்சம் வேறு வடிவில் நிலைத்தது. நாற்சி ஆட்சியினின்று தப்பி இலண்டன் சேர்ந்த பேர்ட்டா போபாத், 1943இல் பாரிசவாதமுற்ற ஓவியர் ஒருவருக்குச் சிகிச்சையளித்தபோது தம் முறைக்கு அடிகோலினார். கணவர் கறெல் போபாத்துடன் அவர் வளர்த்த அம்முறை, விறைத்த தசைகளைத் தளர்த்திச் சீரான அசைவுகளைக் கைகளால் வழிநடத்தியது. நலிந்த பக்கத்தைக் கைவிடலாகாது என்று வலியுறுத்தியமை அவர்தம் பெருந்தொண்டு. ஆனால் கடும்முயற்சி விறைப்பைக் கூட்டும் என்ற அவர்களது கருத்து, தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியைப் பல்லாண்டுகள் விலக்கி வைத்தது. 1990களின் பிற்பகுதியிலே கனடாவில் நடந்த ஆய்வுகள், வலுவூட்டற் பயிற்சியால் விறைப்புக் கூடுவதில்லை எனக் காட்டியபோதே அவ்விலக்குத் தளர்ந்தது.

இதற்கிடையில் ஒரு குடும்பத்தின் விடாமுயற்சி அறிஞர் கருத்தை அசைத்தது. நியூயோர்க்கிற் கற்பித்த பெற்றோ பாக்-இ-றீற்றா 1950களின் இறுதியிலே பாரிசவாதத்தாற் பேச்சும் அசைவும் இழந்தார். மருத்துவ மாணவராயிருந்த மகன் ஜோர்ஜ் அவரை முதலில் தவழச் செய்து, பின்னர் அன்றாட வீட்டு வேலைகளையே பயிற்சியாக்கினார். தந்தை மீண்டும் கற்பிக்கச் சென்றார். 1965இல் அவர் மாரடைப்பால் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, மூளைத்தண்டின் சிதைவு ஆறாமலே இருந்தமை தெரியவந்தது. சிதைவு நீங்காமலே செயல் மீண்டிருந்தது. மற்றொரு மகனான பவுல் மூளையின் மாறுந்தன்மையை ஆராய்வதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

பிரான்சின் உண்மையை மீண்டும் நிலைநாட்டியவர் எட்வேட் டவுப். உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட கையைக் குரங்கு பயன்படுத்துவதில்லை என 1895இலேயே மொற்றும் ஷெறிங்டனும் கண்டிருந்தனர். நல்ல கையைக் கட்டினால் அக்குரங்கு நலிந்த கையைப் பயன்படுத்தும் எனக் கண்ட டவுப், பயன்படுத்தாமையும் ஒரு பழக்கமே என விளக்கினார். 1981இலே விலங்குக் கொடுமைக் குற்றச்சாட்டினால் அவருடைய குரங்குகள் கைப்பற்றப்பட்டு ஆய்வு தடைப்பட்டது. அவருக்கு எதிரான தீர்ப்புப் பின்னர் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது. 1993இல் அவர் தம் முறையின் பயனை நோயாளரிடத்துக் காட்டினார். 222 நோயாளரைக்கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஒப்பீட்டாய்விலே, நல்ல கைக்கு உறையிட்டு நலிந்த கைக்கு இரு வாரங்கள் கடும்பயிற்சி அளிக்கப்பட்டது. அதன் பயன் ஓராண்டின் பின்னும் நிலைத்தது. எனினும் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நிமிர்த்தக்கூடியோருக்கே அம்முறை பொருந்தும்.

உடற்தகுதியின் சிறப்பும் இக்காலத்தில் உணரப்பட்டது. பாரிசவாதத்தின் பின் நடத்தற்கு முன்னிலும் மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது; உடலின் தாங்குதிறனோ குன்றிவிடுகிறது. 75 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடு, நடைப்பயிற்சி போன்றன நடையை மேம்படுத்தி இயலாமையைக் குறைக்கும் எனக் கண்டது.

ஆயின், பயிற்சி நன்றெனின் மிகுபயிற்சி மிக நன்றாகுமா? ஐந்து நாடுகளின் 56 மருத்துவமனைகளில் 2104 நோயாளரைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015இல் இதற்கு விடையளித்தது. நோய் தாக்கி 24 மணி நேரத்துள் அடிக்கடியும் மிகுதியாகவும் எழுப்பி நடத்தப்பட்டோரில் 46 வீதத்தினரே நன்கு தேறினர்; வழமையான கவனிப்புப் பெற்றோரில் 50 வீதத்தினர் தேறினர். தொடக்க நாட்களிலே குறுகிய நேரப் பயிற்சியைப் பலமுறை செய்வித்தலே நன்றென மேலாய்வு காட்டியது. அவ்வாறே, உடற்பாரத்தைத் தாங்கும் நடைப்பொறியிற் பயின்றோர், இயன்மருத்துவரின் துணையோடு வீட்டிலே பயின்றோரைவிட மேம்படவில்லை என்பதை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இயன்மருத்துவர் அருகியுள்ள நாடுகளிலே குடும்பத்தாரே பயிற்றுவிக்கலாம் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரைக்கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்விலே, குறுகிய காலப் பயிற்சி பெற்ற குடும்பத்தாரின் முயற்சியால் நோயாளரின் இயலாமை குறையவில்லை. ஜோர்ஜின் அன்பு போன்றது பல இல்லங்களில் இருக்கலாம். பயிற்றுவிக்கும் கல்வி அன்பினால் மட்டும் வருவதன்று.

முடிவாகக் கூறுமிடத்து, ஓய்வை வற்புறுத்தியோரும் உழைப்பை அஞ்சியோரும் விரைந்தெழுப்ப முனைந்தோரும் நோயாளரின் நலத்தையே நாடினர். அவர்களது நன்னோக்கம் பிழையைத் தடுக்கவில்லை. நோயாளரை ஒப்பிட்டு அளந்தறிந்த முயற்சியே பிழையைக் காட்டியது. 1915இலே பிரான்ஸ் விடுத்த எச்சரிக்கை இன்றும் பொருந்துவதாகும். செயலிழந்த உறுப்பொன்றைக் காணுமிடத்து, நோய் பறித்தது எவ்வளவு, கவனிப்பின்மை பறித்தது எவ்வளவு என வினவுதல் மருத்துவர்க்கும் இயன்மருத்துவரை நியமிக்கும் அரசுக்கும் உரிய கடனாகும்.