பழைய அச்சும் புதுப் பாவும்

என் அப்பா தறிக்காரர். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அச்சில் பழைய இழைகளின் நுனியை அப்படியே விட்டுவைப்பார். புதுப் பாவின் இழைகளை அதில் ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். பழைய நுனி இல்லையென்றால் அச்சிலும் விழுதிலும் முதலிலிருந்து கோக்க வேண்டும்.

முசரவாக்கத்தில் இருக்கும் என் வெல்டிங் பட்டறைக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சேஸி வந்தபோது அந்தச் சாம்பல்தான் ஞாபகம் வந்தது. பாடி கிடையாது, இன்ஜின் கிடையாது. இரண்டு நீளக் குழல் சட்டம், நிறைய துரு.

ஹெரால்டு வண்டலூர்ப் பக்கம் 1961-லிருந்து செய்த கார். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பாடியே சட்டம். வெட்டினால் வண்டி தொங்கிவிடும். ஹெரால்டில் போல்டைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். பானெட், மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கமாகக் கவிழும். கையில் காசில்லாமல் ரேஸ் ஓட ஆசைப்பட்டவனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஆசைக்கு இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருஷம் பந்தயம் நடத்தியது. சின்னப் பையனாக சித்தப்பாவோடு பஸ் மாறி மாறிப் போனேன். யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துவிட்டது. ஒரு ஹெரால்டு வளைவில் திரும்பும்போது வால் தூக்கி, பின்சக்கரம் அடியில் மடங்கியது மட்டும் கண்ணிலேயே இருக்கிறது. அந்தக் காரின் பின் ஆக்ஸில் அப்படி. குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்து வண்டியைத் தாழ்த்தினால் கொஞ்சம் அடங்கும். கொல்லன் உலையில் ஆகிற வேலைதான்.

பட்டறையில் ரேஸ் காரைக் கட்டுகிற இந்தக் கைவேலையை ஒழுங்கான தொழிலாக்கியவர் கோயமுத்தூர் கரிவரதன். 1980களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். 1990-இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டது, எங்கள் ரோட்டிலேயே. நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண், 2012-இல் 24 மணி நேர லே மான்ஸ் பந்தயத்தில் ஓட்டினார். அணிக்கு 6-ஆவது இடம்.

லே மான்ஸ் என்றதும் ஜாகுவார் டி-டைப். 1955, 56, 57 மூன்று வருஷமும் ஜெயித்த கார். மிஞ்சிய டி-டைப்களை எக்ஸ்கேஎஸ்எஸ் என்று ரோட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தபோது, 1957 பிப்ரவரியில் தொழிற்சாலை தீப்பிடித்து 9 கார் போயிற்று. பிறகு இங்கிலாந்தில் லின்க்ஸ் என்ற சின்னப் பட்டறைக்காரர்கள் இ-டைப் உதிரிகளை வைத்து டி-டைப்பை மறுபடி கட்டினார்கள். ஜாகுவாரே 2016-இல்தான் அந்த 9 காரையும் புதிதாகச் செய்து தருவதாக அறிவித்தது. எனக்கு லின்க்ஸ்காரர்கள் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது. கம்பெனிக்கு வரைபடம் இருந்தது. இவர்களுக்குப் பழைய காரின் உதிரிகள் இருந்தன, பிணைக்க நுனி கிடைத்த மாதிரி.

பழைய ரேஸ் ஹெரால்டு ஒன்றை மறுபடி கட்ட எனக்குச் சட்டம் இருக்கிறது, அளவு இல்லை. சோழவரத்து ஹெரால்டுகளை எவ்வளவு தாழ்த்தினார்கள், இன்ஜினை எத்தனை அங்குலம் பின்னால் தள்ளினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தில் சோழவரத்தில் எடுத்த போட்டோ இருந்தால், அதில் காரின் பின்சக்கரம் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.