காதலும் கொலையும் ஒரே வழக்கில்: விக்டோரியக் கால ஆண்காதல் துப்பறியும் நாவலின் வளர்ச்சி

விக்டோரியக் கால இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு, இரண்டு ஆண்களின் காதலையும் ஒரு கொலை வழக்கையும் பின்னிச் சொல்லும் நாவல்கள் ஆங்கிலத்தில் இன்று தனி வகையாகவே வேரூன்றிவிட்டன. விறுவிறுப்புக்காகத்தான் கொலை சேர்க்கப்படுகிறது என்று கருதுவோர் உண்டு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. காதலையும் குற்றத்தையும் முதலில் முடிச்சுப் போட்டது சட்டம். புனைவு அந்த முடிச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, கதையின் முடிவைத்தான் மெல்ல மெல்ல மாற்றியது.

1. சட்டம் உருவாக்கிய குற்றவாளி

1835 நவம்பரில் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இருவர் லண்டன் நியூகேட் சிறைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டனர். தன்பாலினப் புணர்ச்சிக்காக இங்கிலாந்தில் நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனை அது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் தூக்கை நீக்கி, குறைந்தது பத்தாண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று விதித்தது. இந்தியாவில் 2018 வரை வழக்காடப்பட்ட 377ஆம் பிரிவும் இதே காலத்தில், 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றதுதான்.

இச்சட்டங்களின்படி தண்டிக்க, குறிப்பிட்ட செயல் நடந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1885இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி லபூஷேர் கொண்டுவந்த திருத்தம் அந்தத் தடையையும் அகற்றியது. ஆண்களுக்கிடையிலான 'பெரும் அநாகரிகம்' எதுவாயினும், மூடிய அறைக்குள் நடந்தாலும், இரண்டாண்டு வரை சிறை என்றது அது. அநாகரிகம் எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே ஒரு காதல் கடிதம்கூடச் சாட்சியமாகும் நிலை வந்தது. கடிதத்தைத் திருடியவனுக்கு அது வருமானமும் ஆனது. 'மிரட்டிப் பணம் பறிப்போரின் சாசனம்' என்றே இத்திருத்தம் பெயர் வாங்கியது. தன் காதலர் ஆல்பிரட் டக்ளஸுக்கு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் எழுதிய கடிதம் ஒன்று முதலில் மிரட்டுவோர் கைக்குப் போனது. பின்னர் 1895இல் நீதிமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டு மே 25 அன்று வைல்டுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

2. பரபரப்பு நாவல் தந்த வடிவம்

சட்டம் கருப்பொருளைத் தந்தது என்றால், வடிவம் வந்தது பரபரப்பு நாவலிலிருந்து. 1859–60இல் தொடராக வந்த வில்கி காலின்ஸின் 'தி உமன் இன் வைட்' நாவலில், ஒரு பிரபுவின் பட்டமும் சொத்தும் திருமணப் பதிவேட்டில் அவர் கள்ளத்தனமாகச் சேர்த்த ஒரு பதிவை நம்பியே நிற்கின்றன. மரியாதைக்குரிய வீட்டின் அடித்தளத்தில் ஓர் ஆவணம் ஒளிந்திருக்கும். அது வெளிப்பட்டால் வீடே சரியும் என்பது இவ்வகையின் அடிப்படை.

இந்த இரண்டும் சந்திக்கும் இடம் வைல்டின் 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே' (1890). ஓவியர் பேசிலைக் கொன்ற டோரியன், உடலை அழிக்க வேதியியல் வல்லுநரான ஆலன் காம்பெல் என்ற பழைய நண்பனை அழைக்கிறான். ஆலன் மறுக்கிறான். டோரியன் ஒரு தாளில் ஏதோ எழுதி, மடித்து, மேசைமேல் அவன் பக்கம் தள்ளுகிறான். படித்ததும் ஆலன் முகம் வெளுத்துச் சாய்ந்துவிடுகிறான். பிறகு சொன்னபடி செய்கிறான். நாவல் முடிவதற்குள் தற்கொலையும் செய்துகொள்கிறான். தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை வைல்ட் கடைசிவரை சொல்வதில்லை. கொலையை மறைக்க மற்றொரு இரகசியம் ஆயுதமாகிறது. கொலை வாசகருக்குத் தெரிகிறது, இரகசியம் தெரிவதில்லை. ஆண்காதல் துப்பறியும் வகையின் பிற்கால நாவல்கள் நிரப்ப முயன்றது அந்த மடித்த தாளைத்தான் எனலாம்.

3. மகிழ்ச்சியான முடிவுக்கான காத்திருப்பு

1913–14இல் இ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய 'மாரிஸ்' நாவலில் காதலர் இருவரும் தண்டனையின்றிச் சேர்ந்து வாழப் போகிறார்கள். அந்த முடிவை விட்டுக்கொடுக்க ஃபார்ஸ்டர் விரும்பவில்லை. ஆகவே நாவல் அச்சேறியது அவர் மறைந்த பின், 1971இல்.

இடையில் 1961இல் வெளிவந்த 'விக்டிம்' திரைப்படத்தில் டர்க் போகார்ட் ஏற்ற வழக்கறிஞர், மிரட்டலுக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்ட இளைஞனுக்காக, தன் தொழிலையே பணயம் வைத்து மிரட்டும் கும்பலைத் தேடுகிறார். மிரட்டப்படுபவரே துப்பறிபவராக மாறியது முக்கியமான திருப்பம். 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 21 வயது நிரம்பிய ஆண்கள் இருவர் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றானது. 1970இல் அமெரிக்கர் ஜோசப் ஹான்சன் 'ஃபேட்அவுட்' நாவலில் தன்பாலீர்ப்பாளரான காப்பீட்டுப் புலனாய்வாளரைக் கதைநாயகனாக்கினார். 2002இல் சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்', பெண்களின் காதலை வைத்துப் பரபரப்பு நாவலின் பழைய கட்டமைப்பை மீட்டெடுத்தது.

இவற்றின் வாரிசாக வந்தவர் கே. ஜே. சார்ல்ஸ். 2017இல் தொடங்கிய அவரது 'சின்ஸ் ஆஃப் த சிட்டீஸ்' மூன்று நாவல்களும் 1873ஆம் ஆண்டு லண்டனில் நடப்பவை. முதல் நாவலின் நாயகன் கிளெம், இந்தியத் தாய்க்கு முறைப்படியான திருமணமின்றிப் பிறந்த பிரபு மகன். வாடகை விடுதி நடத்துபவர். அவர் காதலிப்பது விலங்குடல்களைப் பாடம் செய்யும் பக்கத்துக் கடைக்காரர் ரோலியை. விடுதியில் தங்கியிருந்த குடிகாரப் பாதிரியார் கொலையாகி வாசலில் கிடக்கிறார். துப்பு, ஒரு பிரபுவின் மறைக்கப்பட்ட முதல் திருமணத்துக்கு இட்டுச் செல்கிறது. காலின்ஸின் கட்டமைப்பு இங்கே வெளிப்படை.

4. இரண்டு முடிவுகளின் மோதல்

துப்பறியும் கதைக்கு உண்மை வெளிவந்தாக வேண்டும். காதல் கதைக்கு இருவரும் சேர்ந்தாக வேண்டும். 1885க்குப் பிந்தைய இங்கிலாந்தில் இரண்டும் ஒத்துப்போகா. கொலை நடந்த இரவில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்று நிரூபிக்க, யாருடன் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தூக்கிலிருந்து தப்பிச் சிறைக்குப் போக வேண்டும். எனவே இவ்வகையில் துப்பறிபவருக்கு இரட்டை வேலை: கொலையாளியைக் காட்டிக்கொடுக்க வேண்டும், காதலரைக் காப்பாற்ற வேண்டும். வழக்கமான துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூட்டிவைத்து எல்லாவற்றையும் சொல்வார்கள். இங்கே யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதே தீர்வின் பாதி.

இத்தீர்வுக்கு ஒரு வர்க்க எல்லையும் உண்டு. 1889இல் லண்டன் கிளீவ்லாந்து தெருவிலிருந்த ஆண் விபசார விடுதி பற்றிய வழக்கு வெடித்தபோது ஆர்தர் சாமர்செட் பிரபு வெளிநாட்டுக்குத் தப்பினார். ஓட வசதியற்ற எளியவர்கள் சிறை சென்றனர். நாவல்களிலும் காதலர்களைக் காப்பது பெரும்பாலும் ஒரு பட்டமோ, பணமோ, சொந்த வீடோதான். விடுதி நடத்துபவரையும் கடைக்காரரையும் நாயகர்களாக்கியதன் வழி சார்ல்ஸ் இந்த எல்லையை ஓரளவு தள்ளியிருக்கிறார். ஆனாலும் 1895இல் வைல்டுக்குக் கிடைக்காத மகிழ்ச்சியான முடிவை இந்நாவல்கள் தம் பாத்திரங்களுக்குத் தரும்போது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதுதான் இவ்வகையை மதிப்பிடச் சரியான அளவுகோல்.