யாக்கிமோவ்

யாக்கிமோவ், செக் குடியரசின் வடமேற்கு மூலையில், ஜெர்மனியின் சாக்சனி மாநில எல்லையை ஒட்டியுள்ள சிறு மலைநகரம். கார்லோவி வாரிக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், குருஷ்னே ஹோரி மலைத்தொடரின் குறுகலான பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. தொடரின் மிக உயர்ந்த சிகரமான கிளினோவெட்ஸ் (1,244 மீ.) அருகில்தான் உள்ளது. மூவாயிரத்துக்கும் குறைவானவர்களே இன்று இங்கு வாழ்கின்றனர்.

குளிர் மிகுந்த, உழவுக்கு வாகில்லாத இந்தப் பள்ளத்தாக்கில் ஊர் எழக் காரணம் வெள்ளி. 1516இல் ஷ்லிக் பிரபுக்கள் இதை நிறுவினர். யோவாகிம்ஸ்தால் என்பது அன்றைய ஜெர்மன் பெயர். சாக்சனியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டு வர, 1530களில் மக்கள்தொகை சுமார் 18,000ஐ எட்டியது. பொஹேமியாவில் பிராகை அடுத்து அன்று இதுவே பெரிய நகரம். இங்கு அச்சிட்ட கனத்த வெள்ளி நாணயம் தாலர் என்று ஐரோப்பாவெங்கும் புழங்கியது. டாலர் என்ற பெயர் அதன் வழிவந்ததே. நாணயம் அச்சிடும் உரிமையை 1528இல் மன்னர் முதலாம் ஃபெர்டினாண்ட் தன்வசம் எடுத்துக்கொண்டார்.

அக்காலத்தில் நகர மருத்துவராக இருந்தவர் கியோர்கியுஸ் அக்ரிகோலா. சுரங்கங்களைக் கூர்ந்து கவனித்து அவர் எழுதிய பெருநூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல் வெளிவந்தது. சுரங்கத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலை அரிப்பதை அவர் பதிவு செய்தார். இந்த மலைகளில் அவர்களைக் கொன்ற நோய்களுள் ரேடான் வாயுவால் வரும் புற்றுநோயும் ஒன்று என்பது தெரியவருவதற்குள் பல தலைமுறைகள் மடிந்துவிட்டன.

வெள்ளி வற்ற, ஊரும் தேய்ந்தது. பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட கறுப்புத் தாது, பிட்ச்பிளெண்டு, 19ஆம் நூற்றாண்டில் மதிப்புப் பெற்றது. அதிலிருந்து யுரேனியத்தைப் பிரித்துக் கண்ணாடிக்கு மஞ்சளும் பச்சையும் ஏற்றும் சாயம் செய்தார்கள். எஞ்சிய சக்கையைப் பைன் காட்டில் கொட்டினார்கள். மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தது இவ்வூர்த் தாதுவில்தான். பின்னர், அன்று இப்பகுதியை ஆண்ட ஆஸ்திரிய அரசு தந்த சக்கை, பைன் ஊசியிலைகள் கலந்த பழுப்புத் தூளாக, மூட்டை மூட்டையாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. ஒழுகும் கொட்டகையில் அதை இரும்புக் கம்பியால் கிளறிக் காய்ச்சி, 1902இல் மேரி பிரித்தெடுத்த ரேடியம் குளோரைடு சுமார் 0.1 கிராம். 1906இல் ரேடான் நீர் மருத்துவக் குளியலகம் தொடங்கியது. 1912இல் ரேடியம் பேலஸ் விடுதி திறக்கப்பட்டது.

1938இல் நாஜி ஜெர்மனி இப்பகுதியை இணைத்துக்கொண்டது. போருக்குப் பின் ஜெர்மன் மொழி பேசிய குடிகள் ஏறக்குறைய முழுவதுமாக வெளியேற்றப்பட்டனர். யுரேனியம் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. தாதுவை வெட்டியவர்களில் பெருந்தொகையினர் கைதிகள். கம்யூனிஸ்ட் ஆட்சியை ஏற்காத விவசாயிகளும் பாதிரியார்களும் மாணவர்களும் அவர்களில் அடக்கம். 1949இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற செக்கோஸ்லோவாக்கிய ஐஸ் ஹாக்கி அணியின் வீரர்களும் 1950இல் தண்டிக்கப்பட்டு இங்கு அனுப்பப்பட்டனர். அருகிலுள்ள ஒஸ்ட்ரோவ் நகரத்தை ஒட்டிய சிவப்புச் செங்கல் கோபுரத்தில் கைதிகள் முறையான பாதுகாப்பின்றித் தாதுவை அரைத்துப் பீப்பாய்களில் அடைத்தனர். கதிரியக்கத் தூசிதான் அவர்கள் சுவாசித்த காற்று. அதை மரணக் கோபுரம் என்றே மக்கள் அழைக்கின்றனர். ஊரின் வரலாற்றில் இதைவிடக் கொடிய பகுதி வேறில்லை.

யுரேனியச் சுரங்கத் தொழில் 1960களின் முற்பகுதியில் முடிவுக்கு வந்தது. ஊர் தோன்றிய காலத்துச் சுரங்கமான ஸ்வொர்நோஸ்த் மட்டும் இன்றும் இயங்கி, குளியலகத்துக்கு ரேடான் நீரை வழங்குகிறது. 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த எல்லை மலைச் சுரங்க நிலப்பரப்பில் யாக்கிமோவும் மரணக் கோபுரமும் சேர்ந்தே இடம்பெற்றுள்ளன.