மகரந்தம் இல்லாத மக்காச்சோளமும் 1970-ஆம் ஆண்டு தந்த பாடமும்

மக்காச்சோளச் செடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருக்கின்றன. உச்சியில் நிற்கும் கொண்டை ஆண். நடுத்தண்டில் வரும் கதிர் பெண். கொண்டையிலிருந்து காற்றில் பறந்து வரும் மகரந்தம், கதிரின் நுனியில் பட்டு நூல் போலத் தொங்கும் இழைகளில் விழுந்தால்தான் மணி பிடிக்கும்.

வீரிய ஒட்டு விதை வேண்டுமானால் இரண்டு வேறு ரகங்களைக் கலக்க வேண்டும். தாய்ச்செடி தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டால் கலப்பு நடக்காது. ஆகவே தாய் வரிசைகளின் கொண்டைகளை, மகரந்தம் உதிரும் முன்பே பிடுங்கி எறிய வேண்டும். அமெரிக்காவில் 1930-களில் வீரிய ஒட்டு ரகங்கள் பரவியபோது, கோடைதோறும் பள்ளி மாணவர்கள் உட்பட ஏராளமானோர் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டனர். செலவோ அதிகம்.

மகரந்தமே உண்டாகாத தாய்ச்செடி கிடைத்தால்? அப்படிப்பட்ட செடியைப் பற்றி மார்க்கஸ் ரோட்ஸ் என்ற மரபியலாளர் 1931-இல் எழுதினார். அவர் கண்ட ஆண்மலட்டுத்தன்மை தாய்வழியாக மட்டுமே வந்தது. குரோமோசோம்களை மாற்றிப் பார்த்தும் அது போகவில்லை. அப்படியானால் காரணம் உட்கருவில் இல்லை, அதற்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் இருக்கிறது என்று பொருள்.

1940-களில் டெக்சாஸில் 'கோல்டன் ஜூன்' என்ற ரகத்திலிருந்து இன்னொரு ஆண்மலட்டு வகை கிடைத்தது. அதற்கு 'டி சைட்டோபிளாசம்' என்று பெயர். ரோஜர்ஸ், எட்வர்ட்சன் இருவரும் 1952-இல் அதன் பயன்பாட்டை விளக்கினார்கள். விவசாயியின் வயலில் மகரந்தம் வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. தந்தைச்செடியில் ஆர்எஃப்1, ஆர்எஃப்2 என்ற இரு மீட்பு மரபணுக்கள் இருந்தால், பிறக்கும் செடி மீண்டும் வளமாகிவிடும். கொண்டை பிடுங்கும் வேலை பெருமளவு ஒழிந்தது. 1970-க்குள் அமெரிக்க வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரே சைட்டோபிளாசத்தைச் சுமந்து நின்றது.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. டி வகைச் செடிகளை இலைக்கருகல் நோய் எளிதில் தாக்குகிறது என்று 1961-லேயே பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1970-இல் அந்தப் பூஞ்சையின் 'டி' இனம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் காற்றிலும் மழையிலும் பரவியது. ஒரே பருவத்தில் நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது. இழப்பு ஏறத்தாழ 100 கோடி டாலர். தெற்கில் சில வயல்களில் பாதிக்கும் மேல் போயிற்று. விதை நிறுவனங்கள் டி வகையைக் கைவிட்டு, மறுபடியும் கொண்டை பிடுங்கும் முறைக்கே திரும்பின.

ஏன் இப்படி நடந்தது? விடை 1980-களில் கிடைத்தது. டி வகையின் மைட்டோகாண்ட்ரியாவில், வேறு மரபணுக்களின் துண்டுகள் ஒட்டிச் சேர்ந்து உருவான டி-யுஆர்எஃப்13 என்ற மரபணு இருக்கிறது. அது தரும் சிறு புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் போய் அமர்கிறது. மகரந்தப்பையின் உள்ளே வளரும் மகரந்தத்துக்கு உணவூட்டும் டபீட்டம் என்ற அடுக்கு அகாலத்தில் சிதைந்து, மகரந்தம் மடிகிறது. அந்தப் பூஞ்சையின் நச்சு பற்றிக்கொள்வதும் இதே புரதத்தைத்தான். நச்சு சேர்ந்ததும் சவ்வில் ஓட்டை விழுந்து, செல் இறந்துவிடுகிறது. ஆக, விதை வணிகத்துக்கு லாபம் தந்த புரதமே நோய்க்குக் கதவையும் திறந்து வைத்திருந்தது!

அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1972-இல் முக்கியப் பயிர்களின் மரபியல் பலவீனம் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. ஆனால் அதன் பாடம் மக்காச்சோளத்தோடு முடிந்துவிடவில்லை. அதே 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் ஓர் ஆண்மலட்டுக் காட்டு நெற்செடி கண்டெடுக்கப்பட்டது. வீரிய ஒட்டு நெல்லின் வெற்றி அதிலிருந்தே தொடங்கியது. இந்தியாவின் வீரிய ஒட்டு நெல் ரகங்களிலும் பெரும்பாலானவை அந்தச் சைட்டோபிளாசத்தையே நம்பி இருக்கின்றன. அந்த நெல்லுக்கு அப்படியொரு நோய் வந்ததில்லை. என்றாலும் ஒரே தாயை நம்பி ஒரு நாடே விதைக்கும்போது, இன்னொரு தாயையும் தேடி வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை ஆகும்.