மதராஸில் ஒரு புகைப்பட வகுப்பு

புகைப்பட வகுப்பில், பல படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கச் சொல்லி அசைன்மென்ட் தருவார்கள். நம்ம வடக்குத்திலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தஞ்சைப் பெரிய கோயிலில் 1858-லேயே இதைச் செய்துவிட்டார்கள், தெரியுமா?

மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படங்களை ஒட்டியதில் சுமார் 19 அடி நீளப் படம் கிடைத்தது. கல்வெட்டைப் படிக்க உதவ வேண்டும் என்பதால் எழுத்துகள் தெளிவாக விழவேண்டும். கஷ்டமான வேலைதான்!

1859-ல் ஆளுநர் ட்ரெவெல்யன், செலவு அதிகம் என்று இந்தப் பணியை நிறுத்தச் சொன்னார். ஆனால் ட்ரைப்பிடம் பழகிய சி. ஐயாசாமி, மதராஸ் கலைப் பள்ளியில் மாணவர்களுக்குப் புகைப்படம் கற்பித்தார். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி.

அடுத்த அசைன்மென்டுக்குக் கேமராவைத் தூக்கும்போது ஐயாசாமியையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.